கழுவிக் கெட்டுப்போன பழங்காசை என்ன செய்யலாம்?

தைப்பொங்கலுக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ வீட்டில் குத்துவிளக்கு மினுக்கும்போது, பெட்டகத்தில் கிடந்த பழைய காசுகளும் அதே புளியிலும் சாம்பலிலும் உருண்டு எழும்பி வரும். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பழங்காசு சேர்க்கத் தொடங்குகிறவர்களின் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட காசுதான். அம்மம்மா தந்ததாக இருக்கும், பழைய சாமான் கடையில் வாங்கியதாக இருக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் நாலு வருடம் காசு சேர்த்த யாரிடமாவது காட்டினால், ஒருதரம் சாய்த்துப் பார்த்துவிட்டு "இது கழுவின காசு" என்று திருப்பித் தந்துவிடுவார்.

அதற்குப் பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: திரும்பப் பழையபடி ஆக்க வழி இருக்கிறதா? இல்லை. அச்சு விழும்போது உலோகம் பரவியதால் உண்டான மேற்பரப்பும், அதன்மேல் பல வருடமாகப் படிந்த நிறமும் ஒருமுறை போனால் போனதுதான். எந்த மருந்தாலும் எந்தத் தட்டாராலும் அதைத் திருப்பித் தர முடியாது. அதற்காகக் கழுவிய காசெல்லாம் குப்பைக்குப் போகவேண்டியதும் இல்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அந்தக் காசை இன்னும் ஏதாவது அரித்துக்கொண்டிருக்கிறதா? அந்தக் காசு உங்களுக்கு எதற்கு வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் வைப்பதா, விற்பதா, கொடுத்துவிடுவதா என்ற முடிவு தானாக வரும்.

முதலில் கையை நிறுத்துங்கள்

கழுவின காசு என்று தெரிந்ததும் பலர் அதை மறுபடி கறுப்பாக்கப் பார்க்கிறார்கள். அவித்த முட்டையோடு போத்தலில் மூடி வைப்பார்கள், மெழுகுதிரிப் புகை காட்டுவார்கள், சப்பாத்து மை பூசுவார்கள், காஸ் அடுப்பில் சுடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். கழுவிய காசுக்கு விலை மட்டும்தான் குறையும். கழுவியதை மறைக்க நிறம் ஏற்றிய காசைச் சேகரிப்பவர்கள் மோசடியாகவே பார்ப்பார்கள். அப்படி ஏற்றிய நிறம் எழுத்தோரங்களில் திட்டுத்திட்டாக நிற்பதால் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்தும்விடும்.

உடனே செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் உண்டு. காசைக் கழுவியது இன்றைக்கோ நேற்றைக்கோ என்றால், தேசிக்காய்ப் புளிப்போ பிராசோ என்கிற பித்தளை மினுக்கும் திரவமோ இன்னும் எழுத்துக் குழிகளில் இருக்கும். அது உள்ளே நின்று வேலை செய்துகொண்டே இருக்கும். தேசிக்காயோடு உப்பும் சேர்த்துத் தேய்த்திருந்தால் இன்னும் மோசம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இதற்குக் கிணற்றுத் தண்ணீர் சரிவராது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்துக் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். வாகனப் பற்றரிக்கு ஊற்றுகிற 'பற்றரி வோட்டர்' என்று கேட்டால் பற்றரிக் கடைகளில் போத்தலில் தருவார்கள். பற்றரி அசிட் வேறு போத்தல், அது கந்தக அமிலம். மாறி எடுத்துவிடாதீர்கள், லேபலை வாசித்து வாங்குங்கள்.

கண்ணாடிக் கோப்பையில் அந்தத் தண்ணீரை ஊற்றிக் காசை ஒரு மணித்தியாலம் வைத்து, தண்ணீரை மாற்றி மறுபடி வையுங்கள். மூன்று நாலு தரம் மாற்றினால் போதும். வெளியே எடுத்து மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற மட்டும்தான். பிறகு காற்றில் நன்றாகக் காய விடுங்கள். காசைக் கழுவி மாதங்கள், வருடங்கள் ஆகியிருந்தால் இதுகூட அவசரம் இல்லை. அடுத்த வேலைக்குப் போகலாம்.

காசு எது என்று தெரிய வேண்டும்

மேசையில் துவாயை விரித்து, காசை விளிம்பில் பிடித்து, ஆண்டு, தலை, உலோகம் மூன்றையும் ஒரு கடுதாசியில் எழுதுங்கள். துவாய் எதற்கென்றால், கை தவறினால் சீமெந்துத் தரையில் விழாமல் இருக்க.

1963இலிருந்து வந்த, அரசி தலை இல்லாமல் நாட்டுச் சின்னம் பொறித்த சதங்கள்தான் எல்லோர் வீட்டுத் தகரத்திலும் இருப்பவை. அலுமினிய ஒரு சதம், பூவிளிம்பு இரண்டு சதம், சதுர ஐந்து சதம். இவை ஏராளமாக அடிக்கப்பட்டவை. கழுவினாலும் கழுவாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளைகளிடம் கொடுத்து நாட்டு வரலாறு சொல்லிக்கொடுங்கள், இவற்றுக்காக மேற்கொண்டு வாசித்து மினக்கெட வேண்டாம்.

போர்க்காலத்தில் வந்த மஞ்சள் நிறக் காசுகள் அடுத்தவை. 1942இலிருந்து சதுர ஐந்து சதம், 1944இலிருந்து பூவிளிம்பு இரண்டு சதமும் பத்துச் சதமும். இவை செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்த பித்தளை வகை. இவற்றை இரவு முழுக்கத் தேசிக்காய்ச் சாற்றில் போட்டு வைத்தால் புளிப்பு முதலில் நாகத்தைத்தான் கரைக்கும். காலையில் எடுத்தால் மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சி, காசு றோஸ் நிறத்தில் நிற்கும். மஞ்சளாக இருக்கவேண்டிய இரண்டு சதம் றோஸாகத் தெரிந்தால், புளிப்பில் கிடந்த காசு என்று துணிந்து சொல்லலாம்.

செம்புக் காசுகளில் நம் பக்கத்தில் கண்ணில் படுவது, விக்டோரியா தலையும் தாளிப்பனையும் பொறித்த 1870ஆம் ஆண்டுக் காசுகள். கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், பிறகு கை நிறைய நிற்கும் பெரிய ஐந்து சதம். அதற்கும் முந்தியது யானை பொறித்த 1815ஆம் ஆண்டு ஸ்டைவர் காசு. உலோகங்களில் மிக எளிதாகக் கெடுவது செம்புதான், அதைப் பற்றித்தான் கீழே அதிகம் எழுதியிருக்கிறேன்.

வெள்ளியில் 10, 25, 50 சதக் காசுகள் 1892இலிருந்து வந்தன. அவற்றில் 80 சதவீதம் வெள்ளி. 1919இலிருந்து அது 55 சதவீதமாகக் குறைந்தது. 50 சதத்தின் எடை 5.83 கிராம், ஆகவே பழையதில் ஏறத்தாழ 4.7 கிராம் வெள்ளியும் பிந்தியதில் 3.2 கிராமும் இருக்கும். இந்தியாவின் வெள்ளி ரூபாயும் பழைய வீடுகளில் கிடைக்கும், 1940க்கு முந்தியது என்றால் அது 11.66 கிராம், 91.7 சதவீதம் வெள்ளி. பின்னால் பணக் கணக்குப் போடும்போது இந்த எண்கள் உதவும்.

தங்கப் பவுணுக்குக் கதை வேறு. சாதாரண ஆண்டுப் பவுண் என்றால் அதன் விலை பெரும்பாலும் 22 கரட் தங்கத்தின் விலைதான். மினுக்கியிருந்தாலும் தங்கம் குறையாது. அரிய ஆண்டுப் பவுணுக்கு மட்டும் இந்தக் கவலை வேண்டும்.

ஒல்லாந்தக் கொம்பனியின் துட்டுக்காசு பற்றிக் கட்டாயம் ஒரு வார்த்தை. மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவர்கள் இந்தக் கரையில் இருந்ததால் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்தும் பின்னி நிற்கும் செப்புக் காசுகள் இங்கே அகப்படுவதில் புதுமை இல்லை. ஆனால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களைத் தொல்பொருளாகவே கொள்கிறது. கிணறு வெட்டும்போதோ வளவு கொத்தும்போதோ இப்படி ஒன்று, அல்லது இன்னும் பழைய சோழர், பொலன்னறுவைக் காலத்துக் காசு வெளிப்பட்டால், கழுவவும் வேண்டாம், விலை பேசவும் வேண்டாம். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் வழி. அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது, கனடாவில் இருக்கும் மச்சான் கேட்டாலும் முடியாது.

மேசை விளக்கின் கீழே பாருங்கள்

உண்மையிலேயே கழுவிய காசா, அல்லது பாவனையில் தேய்ந்த காசா? புதியவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். ஒரு மேசை விளக்கும் பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடியும் போதும். நகை வேலை செய்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் கண்ணாடி இதற்கு மிக நல்லது. வீட்டின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை வெளிச்சத்தில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்தால் முக்கால்வாசி தெரியாது.

பிராசோ போட்ட 1870 ஐந்து சதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரசியின் முகத்துக்கு முன்னால் உள்ள வெறுமையான பரப்பில்தான் முதலில் கண் போக வேண்டும். விளக்குக்குச் சாய்த்ததும் அந்த இடத்தில் தலைமயிரை விட மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக, ஒரே திசையில் எழும்பும். அந்தக் கோடுகள் பரப்போடு நிற்காமல் கன்னத்தில் ஏறி, தலைமுடியில் போய் மறையும். துணி போன வழி அதுதான். பைக்குள் மற்றக் காசுகளோடு உரசியதால் வந்த கீறல் இப்படி இருக்காது, அது நாலா பக்கமும் போகும், ஒன்று நீளம் ஒன்று கட்டை, ஒன்று ஆழம் ஒன்று மேலோட்டம். அடுத்தது நிறம். தேய்த்த பரப்பு செம்மஞ்சளாகத் தட்டையாகத் தெரியும், ஆனால் தாளிப்பனையின் ஓலை இடுக்குகளிலும் எழுத்துகளின் காலடியிலும் பழைய கருமை அப்படியே இருக்கும். துணி எட்டாத இடங்கள் அவை. கடைசியாக, விக்டோரியா என்ற ஆங்கில எழுத்துகளின் உட்குழிகளைப் பாருங்கள். வெளிறிய மா மாதிரி ஏதாவது அடைந்திருந்தால் அது காய்ந்த பிராசோ. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேய்க்காமல் புளிப்பில் மட்டும் தோய்த்த காசில் கோடுகள் இருக்காது. அதைக் கண்டுபிடிக்க ஒளியைப் பார்க்க வேண்டும். புதிதாக அடித்து, தொடாமல் இருந்த காசைச் சாய்த்தால், வெளிச்சம் வண்டிச் சில்லின் ஆரக்கால்கள் மாதிரி நடுவிலிருந்து விரிந்து சுற்றி வரும். தோய்த்த காசில் அந்தச் சுற்று வராது. வெள்ளியென்றால் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக, உயிரில்லாமல் நிற்கும். பற்பசை, விம் தூள், தேங்காய்ப் பொச்சு எல்லாமே கோடு போடுகிற வகை. தேசிக்காய், புளி, கோலா எல்லாம் தோலை உரிக்கிற வகை. பிராசோவில் அமோனியாவும் உரசும் தூளும் சேர்ந்தே இருக்கின்றன, அதனால் இரண்டு கெடுதியும் ஒன்றாக வரும்.

பச்சை இருக்கிறதா?

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை இது. பழைய கீறல் இனி வளராது. ஆனால் சில பச்சை வளரும்.

செம்பு, வெண்கலம், பித்தளைக் காசுகளில் இரண்டு வகைப் பச்சை உண்டு. கரும்பச்சையாக, வழுவழுப்பாக, மரக்குச்சியால் தொட்டால் அசையாமல் இருப்பது பழைய களிம்பு. அதைச் சும்மா விடுங்கள். அது காசுக்குக் காவலாகக்கூட இருக்கலாம். இளம்பச்சையாக, மா போல உதிர்ந்து, சின்னச் சின்னக் குழிகளுக்குள் இருந்து பொங்கி வருவது மற்றது. இதை வெண்கல நோய் என்பார்கள். காசுக்குள் புகுந்த குளோரைட்டு உப்பு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து செம்பைத் தின்கிறது. தின்னும்போது அமிலம் உண்டாகி, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. இது தானாக நிற்காது. குழி பெருத்துக்கொண்டே போகும்.

உப்புப் போட்டுத் தேசிக்காய் தேய்ப்பதை நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று இப்போது விளங்கும். நோய்க்கு வேண்டிய உப்பை நாமே கையால் உள்ளே ஏற்றிவிடுகிறோம். கடல் மணலில் கிடந்து எடுத்த காசு, வாவியில் விழுந்து எடுத்த காசு எல்லாவற்றிலும் இதே ஆபத்து உண்டு. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தாண்டினால் இந்த நோய் வேலை செய்யும். நம் கரையில் கச்சான் அடிக்கிற காலத்தில்கூட காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கும், மாரியில் சொல்லவே வேண்டாம். குளிர்நாட்டில் இருப்பவர்கள் எழுதிய ஆலோசனைகளில் இதற்கு அவ்வளவு இடம் இருக்காது. நமக்கு இதுதான் தலையாய விஷயம்.

நோய் பிடித்த காசு ஒன்றைக் கண்டால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், உப்புத் தூள் உதிர்ந்து பக்கத்துக் காசில் படக்கூடாது. பல்லுக்குத்தும் மரக்குச்சியின் நுனியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, உதிர்கிற தூளை மட்டும் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, கத்தி வேண்டாம். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போட வேண்டும். முதல் வாரம் நாளுக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றுங்கள், அப்புறம் வாரத்துக்கு இரண்டு தரம். இது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை, பொறுமை வேண்டும். எடுத்த பிறகு நன்றாகக் காய வைப்பது ஊறப்போடுவதைப் போலவே முக்கியம். மேசை விளக்கின் இளஞ்சூட்டில் ஒரு பகல் முழுக்க வைக்கலாம். அதன்பின் மூடி இறுகிய போத்தலில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு, மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். மீண்டும் இளம்பச்சை பொங்கியிருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது, திரும்பவும் ஊற வைக்க வேண்டியதுதான். அரிய காசாக இருந்தால் நீங்களே முயலாமல், உலோகப் பொருள் பேணுவதில் பயிற்சி உள்ளவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பச்சை, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில், குறிப்பாக பிவிசி உறைகளில், நெடுநாள் இருந்த காசில் வருவது. இதற்கு மருந்து சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிக்கிற திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். ஆய்வுகூடப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாகக் கேட்டு வாங்குங்கள். அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, எண்ணெய்ப் பசையையும் பிளாஸ்டிக் பசையையும் மட்டும் கரைக்கும். எழுத்துக் குழிகளில் காய்ந்த பிராசோவையும் அதில் ஊறவைத்து, பிறகு குச்சி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். வெளித் திண்ணையில், காற்றோட்டத்தில், கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யுங்கள். குசினிக்குள் வேண்டாம், பக்கத்தில் சாமி விளக்கும் எரியக்கூடாது. பட்டென்று தீப்பிடிக்கிற பொருள் அது.

இந்த மூன்றும் இல்லையென்றால், அதாவது பொங்கும் பச்சையோ பிசுபிசுப்போ அடைந்த பசையோ இல்லையென்றால், அந்தக் காசுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. தொடாமல் இருப்பதே அதற்குச் செய்யும் நல்ல காரியம்.

பணக் கணக்கு

விலை என்று வரும்போது மூன்று எண்கள் எழுதுங்கள்: அதே காசு கழுவாமல் என்ன விலைக்குப் போகிறது, கழுவியது என்ன விலைக்குப் போகிறது, உருக்கினால் உலோகம் என்ன பெறும். முதல் இரண்டுக்கும் விற்பவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், உண்மையில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். யாரும் என்ன விலையும் கேட்கலாம். மூன்றாவதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கி நீங்களே கண்டுபிடிக்கலாம்.

செப்புக் காசுக்குக் கழுவியதால் விழுகிற அடிதான் மிகப் பெரியது, ஏனென்றால் உலோக விலை அதைத் தாங்கிப் பிடிக்காது. சாதாரண வெள்ளி 50 சதம் கழுவினாலும் அதன் வெள்ளிக்குக் கீழே போகாது. அரிய காசு, உதாரணத்துக்கு 1821இல் லண்டனில் அடித்த, யானை பொறித்த ரிக்ஸ்டொலர் என்ற வெள்ளிக் காசு, கழுவியிருந்தாலும் எடுக்க ஆள் இருக்கும். கழுவாதது கைக்கெட்டாத விலையில் இருப்பதால் கழுவியதையே தேடி வாங்குகிறவர்கள் உண்டு.

அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்களுக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். கழுவிய காசுக்கு அவர்கள் எண் தரம் தருவதில்லை. அசல்தான், ஆனால் முறைகேடாகக் கழுவப்பட்டது என்ற குறிப்போடு உறையிட்டு அனுப்புவார்கள். அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்ந்தால் நம் வீட்டுச் சதங்களுக்கு அது கட்டாது. அசலா போலியா என்ற சந்தேகம் இருக்கிற, உண்மையில் விலை உயர்ந்த காசுக்கு மட்டும்தான் யோசிக்கலாம்.

தட்டாரிடம் எடை போட்டுக் கொடுப்பது கடைசி வழி. காசு எது என்று தெரியாமல் அந்தப் படியைத் தொடவே வேண்டாம், உருகியதைத் திரும்ப எடுக்க முடியாது.

விற்காமலே விடவேண்டிய காசும் உண்டு

மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு வீட்டில் இருந்தால், அதன் விலையைத் தேடும் முன் பெரியவர்களிடம் கேளுங்கள். கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து முடிந்ததாக இருக்கலாம். நேர்த்திக் காசு கோவிலுக்கு உரியது, நம் சேகரிப்புக்கு அல்ல. அதேபோல காசுமாலையில் இருந்தவை, வளையம் ஒட்டியவை. ஒட்டை உருக்கி எடுத்தாலும் தழும்பு நிற்கும், சேகரிப்பவர்கள் அதைக் கழுவியதை விட மோசமாகத்தான் மதிப்பார்கள். மாலையாகவே வைத்திருங்கள், அதுதான் அதற்கு அழகு.

வீட்டாரின் கையிலிருந்து வந்த காசைக் கழுவியது என்பதற்காகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். அப்பப்பா வயல் விற்ற காசில் எடுத்து வைத்தது என்றால், கீறல் அந்தச் செய்தியை அழிக்கவில்லை. ஆனால் செய்தியை எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் கழுவின காசு. யார் வைத்திருந்தார், எந்த ஊரில், எப்படி உங்களிடம் வந்தது, யார் எதால் கழுவினார் என்று ஒரு சிறு கடுதாசியில் எழுதிக் காசோடு வையுங்கள்.

தொடங்குகிறவருக்கு இன்னொரு நல்ல பயன் இருக்கிறது. ஒரு கழுவிய காசையும், அதே ஆண்டுக் கழுவாத காசையும் பக்கத்தில் வைத்து அடிக்கடி பாருங்கள். கண் பழக அதைவிட நல்ல பாடம் கிடையாது. சேகரிப்பில் ஒரு ஆண்டு விடுபட்டிருந்தால், நல்லது கிடைக்கும்வரை கழுவியதை அந்த இடத்தில் வைத்திருக்கவும் செய்யலாம், பலரும் செய்கிறார்கள்.

விற்பதென்றால் சொல்லி விற்கவும்

கழுவியதை மறைத்து விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான், இதில் நடுவழி கிடையாது. நம் ஊரில் காசு சேர்ப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஒருமுறை மறைத்தால் பிறகு நல்ல காசைக் காட்டினாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கடைக்காரரிடம் காட்டும்போது நேராகவே சொல்லுங்கள்: "நானா, இது கழுவின காசு. வீட்டில பிராசோ போட்டிருக்காங்க. எவ்வளவுக்கு எடுப்பீங்க?" பேரம் அங்கிருந்து தொடங்கினால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

படம் எடுத்து அனுப்பி விற்பதென்றால், நேர்வெளிச்சத்தில் ஒரு படமும் சாய்த்த வெளிச்சத்தில் ஒரு படமும் எடுங்கள், கீறல் தெரிகிற படம் கட்டாயம். எழுதுவது இவ்வளவு போதும்: "1870 ஐந்து சதம், செம்பு. முன்பு பிராசோவால் கழுவப்பட்டது. முகப்பக்கம் மெல்லிய கீறல்கள் உண்டு, இரண்டாவது படத்தில் பாருங்கள். பச்சை இல்லை." நிறத்தை அழகாக்கும் பில்டர் எதுவும் போட வேண்டாம். அரிதானது, அபூர்வம் என்று நீங்களே சொல்லவும் வேண்டாம், தெரிந்தவருக்குப் படமே சொல்லும்.

வைப்பதென்றால்

விளிம்பில் மட்டும் பிடியுங்கள், விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. பிவிசி கலக்காத உறை, அல்லது மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த சதுர அட்டை வாங்குங்கள். அட்டையில் அடிக்கும் ஸ்டேப்பிள் கம்பி காசைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருப்பிடித்தால் அதுவும் ஒட்டும். றப்பர் பான்ட் போட்டுக் கட்டக் கூடாது, அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். உடுப்பு அலுமாரியில் பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், குங்குமச் சிமிழுக்குள்ளும் வேண்டாம்.

மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பதுதான் இந்தக் கரைக்கு ஏற்ற வழி. நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும், இளஞ்சூட்டில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கழுவிய செப்புக்கு மேல் புதிதாக நிறம் படிய வருடக்கணக்கு ஆகும். சீராகப் படிந்தால் பார்வைக்குக் கொஞ்சம் நன்றாகும், ஆனால் கீறல் அடியில் இருக்கும், விற்கும்போது அப்போதும் சொல்லத்தான் வேண்டும். ஐப்பசியில் மழை தொடங்கு முன் ஒருமுறையும் தை முடிவில் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு செப்புக் காசையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். குழிகளில் இளம்பச்சை தெரிந்தால் அந்தக் காசை மட்டும் வெளியே எடுத்து, அன்றைக்கே தண்ணீரில் போடுங்கள்.